சாய்ந்து உட்கார ஒரு சுவர்

போன வாரம் நம் நடைப்பயிற்சிக் குழுவில் யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். எங்கோ ஒரு கிராமத்தில், ஆர்க்கிடெக்ட் ஒருவர் வடிவமைத்த பஸ் நிழற்குடை. கல்லும் மூங்கிலுமாக, வளைந்த கூரையோடு அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே வந்த பதில்களையும் படித்தேன். ‘பஸ்ஸுக்கு நிக்கிறதுக்கு இம்புட்டு அலங்காரமா?’ ‘நாலு கம்பி நட்டுத் தகரம் போட்டா ஆகாதா?’ ‘கடைசியில ஆடுதான் படுக்கும்.’ கூடவே சிரிக்கிற பொம்மைகள். நானும் ஒன்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். நான் சொல்ல நினைத்தது ஒரு வரியில் அடங்காது. நீங்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் அப்படி இரண்டு இருந்தன. எங்கள் ஊர் என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. அது பெரியப்பாவின் ஊர். வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம், திண்டுக்கல் ரோட்டிலிருந்து பிரிந்து வாய்க்கால் ஓரமாகவே உள்ளே போக வேண்டும். நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் மட்டும் அங்கே இருந்தேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா லாரி ஓட்டினார். வடக்கே சரக்கு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பெரியப்பா வீட்டு வாசலில் என் தகரப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “முழுப்பரீட்ச லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன் தாயி” என்றார். லாரியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுவேன் என்று நினைத்திருக்கலாம். அவர் பார்க்கவில்லையே என்றுதான் நான் அழுதேன்.

அந்த வீட்டில் என்னைப் போலவே இன்னொருத்தி இருந்தாள். அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. கோச்சடையில் கட்டிக்கொடுத்து, பிள்ளை இல்லை என்று சில வருடங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து உறவைத் தீர்த்தும் விட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. எனக்கு ரொம்பப் பெரியவளாகத் தெரிந்தாள். இப்போது நினைத்தால் என் மகளைவிடச் சின்னவள்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. எனக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஒரே கரண்டியால்தான் குழம்பு ஊற்றுவார். ஆனால் அத்தை உட்கார்ந்திருப்பதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. “சும்மாதானே இருக்க, அந்த உளுந்தப் பொடச்சுரு”, “சும்மாதானே இருக்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துரு.” முன்கூடம் பெரியப்பாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு. உள்ளறையில் நெல் மூட்டைகள். அடுப்படியில் புகை. அத்தை உட்கார்ந்தால் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவாள், எழுந்து ஓடத் தோதாக. அவள் கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். முறமோ, ஈரத்துணியோ, விளக்குமாறோ.

தை அறுப்பு முடிந்த சமயத்தில் அந்த ஆர்க்கிடெக்ட் வந்தார். மதுரையில் ஏதோ ஒரு சங்கம் பணம் கொடுத்து, கிராமங்களில் நிழற்குடை கட்டித் தருவதாக ஏற்பாடு. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தோளில் ஜோல்னாப் பையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஊரில் எல்லாரும் அவரை இன்ஜினியர் என்றார்கள். “இன்ஜினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட்” என்று முதல் இரண்டு நாள் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஊர் நடுவே பொதுவிடமான மந்தையில் கூட்டம் போட்டுக் கேட்டார், எப்படி வேண்டும் என்று. பெரியப்பா, “எங்கய்யா பேரு மொசைக்ல வரணும். மேல கான்கிரீட்டு. நாலு தூணு, தூணுக்குப் பச்ச பெயிண்ட்டு” என்றார். ஒருவர் டியூப் லைட் கேட்டார். இன்னொருவர் ரேடியோ கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஊர் விலக்குக்கு நடந்தார். பிரதான ரோட்டில் ஊருக்குப் பிரிகிற இடத்தைத்தான் நாங்கள் விலக்கு என்போம். உள்ளே வருகிற பஸ் எப்போதாவதுதான் என்பதால் பெண்கள் பெரும்பாலும் அங்கே போய்த்தான் நிற்பார்கள். அன்று வாடிப்பட்டிச் சந்தைக்குப் போகிற பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். எதிரே டீக்கடை இருந்தது, பெஞ்சும் இருந்தது. ஆனால் பெண்கள் அதில் உட்காருகிற வழக்கமில்லை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். அத்தையும் தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு நின்றாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார் அவர்.

பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் பையை மூடப் போனபோது, பின்னால் நின்ற அத்தை கூடைக்கு அடியிலிருந்து சொன்னாள்.

“உக்காந்தா முதுகு சாயணும்.”

எல்லாரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். “ஆத்தாடி, ராணி கேக்குறா சிம்மாசனம்!” என்றாள் ஒருத்தி. அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு என்னை அங்கே கிடந்த மைல்கல்லில் உட்காரச் சொல்லி, பாதத்துக்கும் முழங்காலுக்கும் டேப் வைத்து அளந்தார். இரும்பு டேப்பின் நுனி சில்லென்று குதிகாலில் பட்டது இப்போதும் நினைவிருக்கிறது. அம்மா போன பிறகு யாரும் எனக்கு எதற்காகவும் அளவெடுத்திருக்கவில்லை.

மாசி, பங்குனி முழுக்க வேலை நடந்தது. செங்கல் காளவாசலிலிருந்து மாட்டு வண்டியில் கல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் விலக்குக்கு ஓடிவிடுவேன். நனைத்த செங்கல்லுக்கு ஒரு வாசம் உண்டு, மழை வரப்போகிற மாதிரி. அதற்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் யாரும் தேட மாட்டார்கள்.

மந்தையில் ஒன்று, விலக்கில் ஒன்று. விலக்கில் கட்டியது அரைவட்டமாக ஒரு சுவர். பூச்சு இல்லை. சுவரோடு சேர்ந்து திண்டு. முதுகு படும் இடத்தில் சுவர் லேசாகப் பின்னால் சரிந்திருக்கும். ஒரு ஓரத்தில் திண்டு தாழ்வாக, சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தால் கால் தரையில் படும் உயரத்தில் இருந்தது. தலைக்கு மேலே கல் விட்டுக் கல் வைத்து, காற்று வர ஓட்டைகள். அதற்கும் மேலே ஓட்டுக் கூரை.

ஊருக்குப் பிடிக்கவில்லை. “பூசக் காசில்லாம பாதியில போட்டுட்டுப் போறான்” என்றார் டீக்கடைக்காரர். “புறாக்கூடு” என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெரியப்பா வந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, “ஏம்ப்பா, கல்லு பத்தலயா? சொல்லியிருந்தா நான் ஒரு வண்டி எறக்கிருப்பேனே” என்றார். மொசைக்கில் அய்யா பெயர் வராத வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. மந்தையில் கட்டியதை ஆண்கள் எடுத்துக்கொண்டு சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். விலக்கில் இருந்தது பெண்களுக்கு ஆயிற்று. யாரும் அப்படி ஒதுக்கவில்லை, அதுவாக நடந்தது.

முழுப்பரீட்சை முடிந்தது. அப்பா வரவில்லை.

சித்திரை வெயிலில் மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடே படுத்துக் கிடக்கும்போது நான் விலக்குக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். அந்த ரோட்டில்தான் வடக்கேயிருந்து லாரிகள் வரும். அப்பாவின் லாரி முகப்பில் ஒரு கிளி வரைந்திருக்கும். ஒவ்வொரு லாரியும் தூரத்தில் தெரியும்போது கிளி இருக்கிறதா என்று பார்ப்பேன். வெயிலில் தனியாகப் போகிறாளே என்று முதல் நாள் அத்தை பின்னாலேயே வந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்குப் பிறகு நான் மறந்தால்கூட, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வாத்தா, ஒங்கப்பனப் பாத்துட்டு வருவோம்” என்று அவளே கூப்பிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் பின்வாங்கிவிடும். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் சின்னச் சின்ன சதுரங்களாகத் தரையில் விழுந்து, நாங்கள் இருக்கும்போதே மெதுவாக நகரும். பின்னால் வாய்க்கால் பாய்கிற வயல் இருந்ததால் சுவர் வழியே வருகிற காற்று குளிர்ந்திருக்கும். லாரி போனால் டீசல் வாசம், அது அடங்கியதும் வயல் வாசம். நான் தாழ்ந்த திண்டில், அத்தை உயர்ந்த திண்டில். வெறும் கையோடு உட்காருவாள். முதல் சில நாள் அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைப்பாள், எடுப்பாள், சேலை நுனியைச் சுருட்டுவாள். பிறகு பழகிவிட்டது. தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கியும் விடுவாள். நான் அத்தை தூங்கிப் பார்த்தது அங்கேதான். வீட்டில் நான் தூங்கும் முன் அவள் படுத்ததில்லை, விழிக்கும்போது படுத்திருந்ததும் இல்லை.

சில நாள் பேசுவாள். கோச்சடையில் அவள் மாமியார் எப்படி உப்பு டப்பாவைப் பூட்டி வைப்பார் என்று நடித்துக் காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சில நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவளுக்கு அவள் நினைப்பு, எனக்குக் கிளி.

ஆள் உட்கார்ந்திருந்தால் பஸ் நிற்கும் இல்லையா? டவுன் பஸ் வந்து நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிடுவார்.

“யக்கா, வாரீகளா?”

“இல்லண்ணே. அடுத்த வண்டி.”

“அடுத்த வண்டியும் இதே வண்டிதேன். போயிட்டு நாந்தேன் திரும்பி வரணும்.”

“அப்ப வாங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதுவார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கொஞ்ச நாளில் டிரைவர் நிறுத்துவதை விட்டுவிட்டு, போகிற போக்கில் ஹாரனை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் நான் கேட்டேன். “நான் எங்கப்பாவுக்காக உக்காந்திருக்கேன். நீ யாருக்காக அத்தை?”

“யாருக்கும் இல்லத்தா.”

“பெறகு?”

“சும்மா” என்றாள். அந்த வார்த்தையை அவள் ருசித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் பேய்க்காற்று அடித்து ஓடுகள் சில நழுவிவிட்டன. தகவல் போய், ஆர்க்கிடெக்ட் வந்தார். நாங்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். அத்தை பதறி எழுந்தாள். “உக்காருங்க, உக்காருங்க” என்றார் அவர். ஏணி போட்டு ஆளை ஏற்றி, ஓடு மாற்றும்வரை கீழே நின்றார். போகும்போது அத்தையைப் பார்த்து, “முதுகு சாயுதா?” என்று கேட்டார். அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

“நல்லாச் சாயுது.”

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. என்னிடம் மட்டும், சுருள் அறுந்துபோன டேப்பின் தோல் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். வட்டமான பழுப்பு உறை, பித்தளைப் பொத்தானோடு. ரொம்ப நாள் அதில் புளியங்கொட்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறிய ஏதோ ஒரு சமயத்தில் தொலைந்துவிட்டது. அந்த மனிதர் பிறகு எங்கே போனார், இன்னும் எங்கெல்லாம் கட்டினார் என்று எனக்குத் தெரியாது.

அன்று எதிரே டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அத்தை சிரித்ததை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அடுப்படியில்.

“அந்த இன்ஜினியரு எத்தன தடவ வந்தாப்ல?”

“ஒரு தடவதான் பெரியப்பா. இன்னைக்குத்தான்.”

“பொய் சொல்லக் கூடாது.”

“இல்ல பெரியப்பா. ஓடு மாத்த வந்தாரு.”

“அப்ப தெனமும் அங்க போயி யாருக்காக உக்காந்திருக்கீக?”

“நான் அப்பாவுக்காக. அத்தை சும்மா.”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். “சும்மா! ஒரு பொம்பள சும்மா போயி ரோட்டுல உக்காருவாளாம்.”

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏத்தா, வெளிய வா. அந்தப் பய ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னானா?” என்றார்.

அத்தை வந்து நின்றாள். கையில் கரண்டி. “என்னண்ணே பேசுற? அவரு பேருகூட எனக்குத் தெரியாது.”

“பெறகு எதுக்குப் போன?”

அத்தை பதில் தேடினாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அங்க உக்காந்திருந்தா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாகண்ணே. பஸ்ஸுக்குன்னு நெனச்சுக்குருவாக” என்றாள்.

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அந்தக் கூடத்தில் அது ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். ‘பஸ்ஸுக்குன்னு நெனச்சுக்குருவாக’ என்றதைப் பெரியப்பா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஏதோ மறைக்கிறாள் என்று.

பெரியப்பா அடிக்கிற ஆள் இல்லை. அத்தையின் மேல் அவருக்குப் பாசம்கூட உண்டு. சந்தையிலிருந்து அவளுக்கென்று தனியாகப் பக்கடா வாங்கி வருவார். பயந்துவிட்டார், அவ்வளவுதான். ஒருமுறை திரும்பி வந்தவள், இன்னொரு முறை யாரையாவது நம்பிப் போய்க் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்த வாரமே கொட்டாம்பட்டிப் பக்கம் ஆள் அனுப்பினார். அங்கே பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு சம்சாரி, சின்னப் பிள்ளைகளோடு தவித்துக்கொண்டிருந்தார். தோட்டம், கிணறு, மாடு உண்டு. குடி இல்லை.

“ஒனக்குச் சம்மதமா?” என்று அத்தையிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்.

“நீ சொன்னாச் சரிண்ணே” என்றாள். அந்த இரவு என் பக்கத்தில் வந்து படுத்தாள். நான் தூங்குவதற்கு முன்பே.

அதற்குப் பிறகு விலக்குப் பக்கம் அவள் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே போகவில்லை. நான் மட்டும் போய்த் தாழ்ந்த திண்டில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவள் இல்லாமல் அந்த இடம் ரொம்பப் பெரிதாக இருந்தது. வெளிச்சச் சதுரங்கள் உயர்ந்த திண்டின் மேல் ஏறி, ஆளில்லாத இடத்தைக் கடந்து போயின.

கோயிலில் தாலி கட்டியதும் அன்றைக்கே கிளம்பினார்கள். விலக்குவரை நாங்கள் போனோம். புது மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். காதோரம் நரைத்த, பேச்சில்லாத மனிதர். அத்தை மஞ்சள் சேலையில், கையில் ஒரு பித்தளைத் தூக்கோடு நின்றாள். உட்காரவில்லை. பஸ் வந்தது. வழக்கமாக ஹாரனைத் தட்டுகிற டிரைவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். கண்டக்டர் குனிந்து பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

“வாங்கக்கா! இன்னைக்குத்தேன் ஒங்க வண்டி வந்துருக்கு.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. கையை நீட்டித் தூக்கை வாங்கிக்கொண்டார். அத்தை ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் அழவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமல் போனார், இவள் பார்த்துக்கொண்டே போகிறாள், இரண்டிலும் போவதுதான் நடக்கிறது என்று மட்டும் தோன்றியது.

நான்குவழிச் சாலை போட்டபோது விலக்கில் இருந்ததை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. மந்தையில் இருந்ததைப் பூசி, பச்சை பெயிண்ட் அடித்து, பெரியப்பாவின் பிள்ளைகள் தாத்தா பெயரைப் போட்டுவிட்டார்கள்.

அப்பா அந்த வருடம் ஆடியில் வந்தார். லாரியில் இல்லை, பஸ்ஸில். வண்டியை விட்டுவிட்டு மதுரையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். என் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, “அத்தையைப் பாத்துட்டுப் போலாம்ப்பா” என்றேன். அவர் மறுக்கவில்லை. மதுரைக்கு வந்து, மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி போய், அங்கிருந்து கடலைக் காடுகளுக்கு நடுவே நடந்தோம்.

அத்தை கிணற்றடியில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து என் முகத்தை ஈரக் கைகளால் பிடித்துக்கொண்டாள். சோறு போட்டாள், முட்டை பொரித்தாள். அந்த வீட்டுக்காரர் அப்பாவுக்குக் கட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ரெண்டு வார்த்தை பேசினார். பெரிய பையன் தூரத்திலேயே நின்றான். நடுவில் உள்ள பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்து, இறுக்கமாகச் சடை பின்னியிருந்தது. அது அத்தையின் கைப்பின்னல் என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அப்படித்தான் பின்னுவாள். கடைக்குட்டி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. நடக்கிற வயதுதான் என்றாலும் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தது.

அத்தை நன்றாக இருக்கிறாளா, இல்லையா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. “நான் செஞ்சது தப்பில்ல, பாத்தியா?” என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நினைத்த காரணம் முழுக்கத் தப்பு. அத்தை பிறகு அந்தப் பிள்ளைகளால் கொண்டாடப்பட்டு, நிறைந்த வீட்டில்தான் இறந்தாள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் எங்களை அனுப்ப ரோடுவரை வந்தாள். கடைக்குட்டி இடுப்பில். மற்ற இரண்டும் பின்னால். வழியில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தை, நானும் இங்கயே இருந்துரவா?”

அவள் சட்டென்று நின்றாள். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு என்னைத் தூக்கி உள்ளே விட்டார். நான் ஓடிப்போய் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். உதடு அசைந்தது. எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்ற நடுப்பெண் முள்ளை மிதித்துவிட்டு, “அம்மா” என்று கத்தியது.

பஸ் கிளம்புவதற்கு முன்பே அத்தை திரும்பிவிட்டாள்.